நாலு டிகிரியில வேலூர் வரைக்கும்

கார்ல வெக்கற ஃப்ரிட்ஜ் எது வாங்கலாம்னு கேட்டு வாரத்துக்கு ஏழெட்டு போன் வருது எனக்கு. நான் ரிடையராயி ஒன்றரை வருஷம் ஆச்சு, என் போன் நம்பர் இன்னும் ரிடையராவல. போன வாரம் கடையிலேர்ந்து கவுசல்யா கூப்பிட்டா. நான் உக்காந்திருந்த எடத்துல இப்ப அவதான் மெக்கானிக். "பாய், ஜவ்வாது மலைக்கு டென்ட் போடப் போறோம், ஏலகிரிக்குப் போறோம்னு தினம் நாலு பேர் வந்து நிக்கறாங்க. போன்ல படத்தக் காட்டி இது நல்லதா அது நல்லதானு உயிர வாங்கறாங்க. நீங்க சொல்றா மாதிரி எனக்குச் சொல்ல வரல. எழுதியாவது குடுங்க"னா.

எழுதறேன். ஆனா எது நல்ல கம்பெனினு என் வாயிலேர்ந்து ஒரு பேர் வராது. முப்பத்தெட்டு வருஷமா எல்லா கம்பெனி வயித்தையும் தொறந்து பாத்தவன் நான். உள்ள ஒரு கம்ப்ரசர், கொஞ்சம் செம்புக் குழாய், கொஞ்சம் காஸ், அவ்ளோதான். வாங்கறவன் புத்தியிலதான் ஜாஸ்தி கம்மி எல்லாம் இருக்குது.

என் பேர் காதர். திருவண்ணாமலையில பொறந்து இங்கியே வளந்தவன். எங்கப்பா பூட்டு சாவி ரிப்பேர் பண்ணுவார். பத்தாவதுல கணக்கு என்னைக் கைவிட்டுச்சு, ஐஸ் ஃபேக்டரி சேத்துகிச்சு. அங்க அம்மோனியா நாத்தத்துல ரெண்டு வருஷம், வேலூர்ல ஒரு பட்டறையில செம்புக் குழாய் பத்த வெக்கக் கத்துகினது மூணு வருஷம், அப்பறம் சொந்த ஊருக்கே வந்து ஃப்ரிட்ஜ் ஏசி விக்கற ஒரு கடையில சர்வீஸ் வேலைக்குச் சேந்தேன். அங்கியே தலை நரைச்சுப் போச்சு. மூணு பொண்ணுங்களோட கல்யாணமும் அந்த ஸ்குரூ டிரைவர் குடுத்ததுதான்.

வண்டியில வெக்கற ஃப்ரிட்ஜ நாங்க மொதமொதல்ல பாத்தது பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த ஒரு வெளியூர் கார்ல. சூட்கேஸ் சைஸுல இருந்துச்சு. ஓடலனு தூக்கிகினு வந்தாங்க. எங்க கடையில அத்தனை பேரும் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தோம். நான் மட்டும் கம்முனு தொறந்து, ஒரு ஃப்யூஸ மாத்தி, ஓட்டிக் காட்டிட்டு, ஏதோ தினம் பாக்கற சாமான் மாதிரி மூஞ்சிய வெச்சிகினேன். உள்ளுக்குள்ள சின்னப் பையன் மாதிரி குதிச்சிகினு இருந்தேன், அது வேற விஷயம்.

இதுல ரெண்டு ஜாதி இருக்குது. ஒண்ணு கம்ப்ரசர் வெச்சது. வீட்டு ஃப்ரிட்ஜ் எப்படியோ அப்படியே, சைஸுதான் சின்னது. இன்னொண்ணு வெறும் ஃபேன் வெச்ச பொட்டி. ஃபோட்டோவுல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா கம்ப்ரசர். ஒரு கையில ஜாலியா தூக்க முடிஞ்சா ஃபேன் பொட்டி. ஃபேன் பொட்டி என்ன பண்ணும்னா, வெளிய இருக்கற சூட்டுலேர்ந்து ஒரு பதினஞ்சு இருபது டிகிரி கொறைச்சுத் தரும். ஊட்டியில அது ஃப்ரிட்ஜ். நம்ம ஊர் கத்திரி வெயில்ல, வெளிய நாப்பத்தொண்ணு இருக்கறப்ப, அது வெறும் நெழலு.

வேங்கிக்கால்ல வேலை பாக்கற ஒருத்தர் சொல்லச் சொல்லக் கேக்காம அந்த மாதிரி ஒண்ண ஆன்லைன்ல வாங்கினார். ரெண்டு கிலோ கோழிய மசாலா தடவி உள்ள வெச்சு, குடும்பத்தோட மலை மேல போயி ராவுக்குச் சுட்டுத் தின்னலாம்னு பிளான். மலை ஏறி மூடியத் தொறந்ததும் பொண்டாட்டி மூக்கப் பொத்திகினு ஓடினாங்களாம். மறுநாள் பொட்டிய என் முன்னால வெச்சு, "பாய், இது ரிப்பேர்"னார். "இது ரிப்பேர் இல்ல சார், இது இவ்ளோதான்"னேன். ஒரு வாரம் என்கிட்ட பேசல, அப்பறம் வந்து கம்ப்ரசர் ஒண்ணு வாங்கிகினு போனார்.

பேட்டரி விஷயமும் சொல்லிடறேன். கம்ப்ரசர் பொட்டியில பேட்டரிய காப்பாத்தறதுக்கு ஒரு செட்டிங் இருக்குது, ஹை, மீடியம், லோனு. ஹைல வெச்சா பேட்டரி கொஞ்சம் எறங்கறப்பவே பொட்டி தானா நின்னுடும், காலையில வண்டி ஸ்டார்ட் ஆவும். நம்மாளுங்க எல்லாம் லோல வெப்பாங்க. கம்மியாதான இழுக்கும்னு நெனப்பு. அது கடேசி சொட்டு வரைக்கும் உறிஞ்சிட்டுதான் விடும். கீழ்பென்னாத்தூர் பசங்க நாலு பேர் அப்படி மலை மேல மாட்டிகினு, பால் வண்டிக்காரர் கையில காலுல வுழுந்து வண்டியத் தள்ளிகினு வந்த கதை உண்டு. கார் பேட்டரியில மாட்டினா ஹை. இதுக்கு மேல யோசிக்காதீங்க.

இதெல்லாம் எனக்குத் தானா வந்த ஞானம் இல்ல. எனக்கு மேல ஒரு மேடம் இருந்தாங்க. ஸ்டெல்லா மேடம், சர்வீஸ் மேனேஜர். அவங்க வந்தப்ப அவங்களுக்கு இருபத்தொம்பது, எனக்கு அம்பது. என் பெரிய பொண்ணு வயசு. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாத்துக்குங்க. ரெண்டு மாசம் மூஞ்சிய உம்முனு வெச்சிகினுதான் வேலை செஞ்சேன்.

அவங்க சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. சத்தம் போட்டிருந்தா நான் பதிலுக்கு நாலு போட்டிருப்பேன், சமாளிச்சிருக்கலாம். கண்ணாடிய நெத்திக்கு மேல தூக்கிட்டு, பேனாவ எடுத்துகினு, "நம்பர் சொல்லுங்க பாய்"னுவாங்க. "நல்லா ஜில்லுனு இருக்கு மேடம்"னா, "ஜில்லுங்கறது நம்பர் இல்லையே"னுவாங்க. துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டிகினு தரையில படுத்து ஃப்ரிட்ஜுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. பாத்துட்டு எழுந்து, ஒண்ணும் சொல்லாம போயிடுவாங்க. நம்ம பக்கம் தப்பு இருந்தா அந்த ஒண்ணும் சொல்லாததுலயே வேர்த்துடும்.

ஒரு பொட்டி சரியா இருக்குதானு பாக்க அவங்க வெச்ச முறை இது. தண்ணி பாட்டில உள்ள அடுக்கணும், காலிப் பொட்டிய டெஸ்ட் பண்ணக் கூடாது. தெர்மாமீட்டர சும்மா காத்துல தொங்க விடக் கூடாது, ஒரு சின்ன டம்ளர் தண்ணியில போட்டு வெக்கணும், ஏன்னா நாம வெக்கப் போறது காத்த இல்ல. பொட்டி மேல எரியற நம்பர நம்பக் கூடாது. அது பொட்டி தன்னப் பத்தித் தானே சொல்லிக்கறது. மூடிக்கு நடுவுல ஒரு பேப்பர் துண்டு வெச்சு மூடி இழுத்தா, பேப்பர் சுலபமா வரக் கூடாது. அப்பறம் ஒரு நாள் பூரா மணிக்கொரு தரம் நம்பர் எழுதணும். கஸ்டமர் என்ன சொன்னார்ங்கறத அவர் வார்த்தையிலயே கார்டுல எழுதணும், நம்ம வார்த்தையில இல்ல. நான் இதயெல்லாம் ஆரம்பத்துல பொம்பளப் புள்ள படிச்ச படிப்புனு நெனச்சேன். தப்பு என்னுதுதான், இப்ப கூச்சமில்லாம ஒத்துக்கறேன்.

இப்ப ஏழுமலை கதைக்கு வரேன்.

ரிடையராவறதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, கத்திரி ஆரம்பிச்ச சமயம். கார் வெச்சு வாடகைக்கு ஓட்டற பையன், முப்பது வயசு இருக்கும். வந்தவன் நேரா வண்டி ஃப்ரிட்ஜுங்க இருக்கற எடத்துக்குப் போனான். "இருக்கறதுலயே பெருசு, இருக்கறதுலயே ஜில்லுனு ஆவறது, அதக் குடுங்க பாய்"னான்.

"உள்ள இன்னா வெக்கப் போற?"

"பால்."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. "இன்னாப்பா, டீக்கடைய வண்டியில வெச்சு ஓட்டப் போறியா?"னேன். அவன் சிரிக்கல. தலையக் குனிஞ்சிகினான். ஸ்டெல்லா மேடம் சீட்டுலேர்ந்து இத பாத்துகினே இருந்தாங்க. எழுந்து வந்து, அவன தண்ணி கேன் பக்கம் கூட்டிகினு போயி, ரெண்டு நிமிஷம் பேசினாங்க. திரும்பி வந்து என் கையிலேர்ந்து கார்ட வாங்கி அவங்களே எழுதினாங்க: கொழந்தைக்குத் தாய்ப்பால். தினம் வேலூருக்கு.

விஷயம் இதுதான். அவன் பொண்டாட்டி சத்யாவுக்கு ஏழு மாசம் முடிஞ்ச ஒடனே பிரஷர் ஏறி, ஆபரேஷன் பண்ணி புள்ளைய எடுத்துட்டாங்க. ஆம்பளப் புள்ள. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒடனே வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு மாத்தி கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணுக்குத் தையல் போட்ட எடம் ஆறல, பயணமே கூடாதுனுட்டாங்க. வேங்கிக்கால்ல அம்மா வீட்டுல படுத்துகினு இருக்கா. அந்தப் புள்ளையோட கொடலுக்கு மத்த பாலு ஒத்துக்கல, வயிறு உப்பிக்குது, பெத்தவ பாலு வந்தா பொழைக்கறதுக்கு வழி ஜாஸ்தினு டாக்டர் சொல்லிட்டார். இவனும் தெர்மகோல் டப்பாவுல ஐஸ் போட்டு எடுத்துகினு போயிருக்கான். ஐஸ் கரைஞ்சு பாட்டிலுங்க தண்ணியில மெதந்து, ஒட்டின லேபிள் எல்லாம் ஊறிப் போயி, வாங்க மாட்டேனுட்டாங்க.

நான் கேட்ட கேள்விக்கு என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. "தம்பி, பெருசு வேணாம்"னேன். பெரிய பொட்டினா காலி எடம், அதயும் சேத்து அது குளிர வெக்கணும். பதினெட்டு லிட்டர் கம்ப்ரசர் ஒண்ண எடுத்து, நாலு டிகிரி வெச்சு, ஒரு நாள் ஓட்டி நம்பர் எழுதிக் குடுத்தேன். வீட்டுலயே ராத்திரி பூரா கரெண்டுல போட்டு குளிர வெச்சிடு, வண்டி குளிர வெக்காது, குளிர காப்பாத்தத்தான் செய்யும்னு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினேன். எனக்கு அதுல துளி சந்தேகம் இல்ல.

மறுநாள் சாயங்காலம் பொட்டியோட வந்து நின்னான். ஆஸ்பத்திரியில சிஸ்டர் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தாங்களாம். பதினொண்ணு. அத்தனையும் சிங்க்ல ஊத்திட்டாங்களாம்.

"இருக்கவே முடியாது"னேன். பொட்டிய வாங்கி, தண்ணி பாட்டில் அடுக்கி, கார் பேட்டரியில மாட்டி ஓட்டினேன். நாலு, நாலு, நாலுனு ஆணி அடிச்சா மாதிரி நிக்குது. அவன் வண்டி சாக்கெட்டுல கோளாறுனு முடிவு பண்ணி, மெல்லிசு ஒயர உருவிட்டு பேட்டரியிலேர்ந்து நேரா கனமான ஒயர் இழுத்துக் குடுத்தேன். அதோட நின்னிருக்கலாம். என் அகங்காரம் நிக்கல. கூட ஒரு சேஃப்டி இருக்கட்டும்னு மைனஸ் நாலுல வெச்சு அனுப்பினேன். வழியில ஏறினாலும் ஏறி ஏறி நாலுக்குதான வரும்னு என் கணக்கு.

ராத்திரி வீட்டுலயே பாலு பாதி ஒறைஞ்சு போச்சு. வழியில உருகிப் போச்சு. சிஸ்டர் பாட்டில சாச்சுப் பாத்துட்டு, "இது ஒரு தரம் ஒறைஞ்சு உருகி இருக்கு, எப்ப உருகுச்சுனு எங்களுக்குத் தெரியாது, குடுக்க மாட்டோம்"னுட்டாங்க. திரும்பவும் சிங்க். அவன் கடைக்கு வந்து என்னைத் திட்டியிருந்தா தேவலாம். "பாய், ரெண்டாவது தரமும் கொட்டிட்டாங்கனு கேட்டதுலேர்ந்து அவளுக்குப் பாலே கம்மியாயிடுச்சு. அழுதுகினே உக்காந்திருக்கா. அங்க அவனுக்கு வெறும் க்ளுக்கோஸ் ஏத்தறாங்க"னான். யா அல்லா! இத்தனை வருஷத்துல எத்தனையோ பொட்டி கெட்டுருக்கும், ஐஸ்கிரீம் போச்சு, கறி போச்சு, யாரும் செத்துப் போவல.

ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டாங்க. "மைனஸ் நாலு வெச்சீங்களா?"

"ஆமா மேடம். சேஃப்டிக்கு."

"யாருக்கு சேஃப்டி பாய்?"

அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சிகினே சொன்னாங்க: "பொட்டி கடையில ஓடுது. வழியில ஓடல. அப்ப கோளாறு வழியிலதான இருக்கணும்? நாளைக்கு நீங்க வழியில போங்க."

காலையில ஆறரைக்கு வேங்கிக்கால்ல அந்த வீட்டு வாசல்ல நின்னேன். சத்யா செவத்தப் புடிச்சிகினு வந்தா. கையில இருந்த பாட்டில முந்தானையால மூடிகினு இருந்தா. என் மூஞ்சியப் பாக்கல. "முந்தியெல்லாம் அஞ்சு பாட்டில் வரும் பாய். இப்ப நேத்து ரெண்டு, இன்னிக்கு ஆறு மணிக்கு எடுத்தது இது ஒண்ணு. அதுவும் பாதிதான்"னா. நான் மூணு பாட்டில்லயும் எடுத்த நேரத்த எழுதி ஒட்டினேன். முந்தின நாளே பொட்டிய நாலுக்கு மாத்தி, என் தெர்மாமீட்டரையும் உள்ள போட்டு அனுப்பியிருந்தேன், அதப் பாத்தேன். நாலு. பேப்பர்ல எழுதிகினேன். "நீங்க முன்னால உக்காருங்க பாய், நான் டிக்கியில வெச்சிட்டு வரேன்"னான் ஏழுமலை. உக்காந்தேன். டிக்கி மூட அவன் எடுத்துகினது கொஞ்சம் ஜாஸ்தி நேரம். அப்ப எனக்கு அது ஒறைக்கல.

போளூர் வந்ததும் "நிறுத்து, நம்பர் பாக்கணும்"னேன். டீக்கடை வாசல்ல கூட்டம். அவன் நிறுத்தவே இல்ல. "இங்க வேணாம் பாய், ஜனம் இருக்குது." ஊரத் தாண்டி ஆள் இல்லாத எடத்துல ஓரங்கட்டினான். நான் எறங்கிப் போயி டிக்கியத் தொறந்தேன்.

பொட்டியக் காணோம். ஒரு மூட்டைதான் இருந்துச்சு. கனமான கம்பளி ஒண்ண நாலு பக்கமும் சுத்தி, அதுக்கு மேல பொம்பளப் பொடவை ஒண்ண இறுக்கி முடிச்சு போட்டு, முடிச்சுல ஒரு எலுமிச்சம்பழம், ரெண்டு பச்சை மெளகாய். காத்து போற எடம், சூடு வர்ற எடம், நம்பர் எரியற எடம், ஒண்ணு விடாம மூடியிருந்துச்சு. கம்பளி மேல கைய வெச்சேன், தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. கம்ப்ரசர் சூடு தாங்காம தானா நின்னு போயிருந்துச்சு.

"அடப்பாவி! ஏழுமலை, இது இன்னாடா பண்ணி வெச்சிருக்க? மூக்கையும் வாயையும் பொத்தி வெச்சா மனுஷனே செத்துப் போவான், மெஷின் எம்மாத்திரம்?" ரோட்டுல நின்னு கத்தினேன். கோபம் அவன் மேல பாதி, என் மேல பாதி. கடைக்குக் கொண்டாரப்பலாம் அவன் இத அவுத்துட்டுதான் கொண்டாந்திருக்கான். நாங்க பாத்தது அம்மணப் பொட்டிய.

அவன் அழுதுட்டான். "மொத நாளு இதே போளூர்ல டீ குடிக்க நிறுத்தினேன் பாய். டிக்கியத் தொறந்து நம்பர் பாத்தேன். நாலு பேர் சுத்தி வந்துட்டானுங்க. 'இன்னா நைனா, பீரா? எங்களுக்கு ஒண்ணு குடு'னு ஒருத்தன் மூடியில கைய வெக்கறான். அது என் பொண்டாட்டி பாலு பாய். நான் இன்னானு சொல்லுவேன்? அவன் தொறந்து பாத்து சிரிச்சிருந்தா நான் அவன கொன்னிருப்பேன். தாய்ப்பாலு மேல கண்ணு பட்டா வத்திப் போயிடும்னு வீட்டுலயும் சொன்னாங்க. வண்டியில கெடந்த கம்பளிய எடுத்து அங்கியே சுத்திட்டேன். மறுநாள்லேர்ந்து பொடவையும் சேத்து சுத்திதான் எடுத்துகினு போறேன்."

எனக்கு மேல திட்ட வரல. மூட்டைய அவுத்தேன். நான் எல்லாம் கேட்டேன் அவன்கிட்ட. எத்தனை மணி நேரம், எந்த சாக்கெட்டு, எந்த ஒயரு. யாரு பாக்கக் கூடாதுனு நெனக்கறனு கேக்கல. அன்னிலேர்ந்து யாரு வண்டி ஃப்ரிட்ஜ் கேட்டாலும் நான் கேக்கற கேள்வியில அதுவும் ஒண்ணு. எங்க வெப்ப, மேல இன்னா போடுவ, யாரு கண்ணுலேர்ந்து மறைக்கணும். மீன் எடுத்துகினு போறவங்க மறைப்பாங்க, பீர் எடுத்துகினு போறவங்க மறைப்பாங்க, மாமியாருக்குத் தெரியாம இன்சுலின் எடுத்துகினு போற மருமவ ஒருத்தி மறைச்சா. நாலு பக்கமும் நாலு விரக்கடை எடம் விடணும்னு வெறுமனே சொன்னா நம்ம ஜனம் கேக்காது.

தெர்மாமீட்டரப் பாத்தேன். எட்டு.

ஜல்தியா வேலையப் பாத்தேன். பொட்டியத் தூக்கி பின் சீட்டுல வெச்சேன். ஏசிய ஃபுல்லா வெக்கச் சொன்னேன். கம்ப்ரசர் ஆற பத்து நிமிஷம் ஆச்சு, அதுவரைக்கும் கையில இருந்த பேப்பரால விசிறினேன். அப்பறம் போட்டேன், முக்கிகினே ஓட ஆரம்பிச்சுச்சு. ஏழுமலை அவுத்த பொடவையக் கையில புடிச்சிகினு நின்னான். அவன் மனசு எனக்குப் புரிஞ்சுது. பொடவைய வாங்கி, ரெண்டு பக்க ஜன்னல் கண்ணாடியிலயும் முனைய மாட்டி, தெர மாதிரி கட்டிட்டேன். எலுமிச்சம்பழத்தையும் அதுலயே தொங்க விட்டேன். "இப்ப எவன் கண்ணும் உள்ள வராது. பொட்டிக்கும் மூச்சு வரும். ஏறு"னேன். நான் பின்னால பொட்டிப் பக்கத்துலயே உக்காந்துகினேன்.

ஏழு. கண்ணமங்கலம் தாண்டறப்ப ஆறு. ஒவ்வொண்ணையும் நேரத்தோட எழுதினேன். அஞ்சு. வேலூர் ஊருக்குள்ள நொழையறப்ப நாலரை. ஆஸ்பத்திரி வாசல்ல நாலு. ஏழுமலை கண்ணாடியில என்னைப் பாத்து, "நாலு பாய், நாலு!"னு சின்னப் புள்ள மாதிரி கத்தினான்.

உள்ள சிஸ்டர் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தாங்க. "நாலு. இன்னிக்குச் சரியா இருக்கு"னு பாட்டில எடுக்கக் கை நீட்டினாங்க. அங்கதான் என் வாழ்க்கையிலயே ரொம்பக் கஷ்டமான ஒரு நிமிஷம். நான் கம்முனு இருந்தா யாருக்கும் தெரியாது. அந்தப் புள்ளைக்குப் பாலு போயிடும். ஆனா அந்தப் பாலு எட்டு டிகிரி பாத்த பாலு. அது ஒரு கிலோ புள்ளை. எட்டு அதுக்கு ஒண்ணும் பண்ணாதா, பண்ணுமா, எனக்குத் தெரியாது. நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். வழியில எட்டு வரைக்கும் போயிடுச்சு"னேன். ஏழுமலை என் தோளப் புடிச்சு அழுத்தினான். நகம் உள்ள எறங்குது. நான் பேப்பர நீட்டினேன்.

அவங்க திட்டுவாங்கனு பாத்தேன். திட்டல. பேப்பர வரி வரியா படிச்சாங்க. எப்ப எடுத்த பாலு, எத்தனை மணிக்கு நாலு, எத்தனை மணிக்கு எட்டு, திரும்ப எப்ப எறங்குச்சு. டாக்டருக்குப் போன் பண்ணி அந்த நம்பர எல்லாம் வாசிச்சாங்க. வெச்சிட்டு, நேத்து எடுத்த ரெண்டு பாட்டில ஓரமா ஒதுக்கினாங்க. "இத குடுக்க முடியாது." அப்பறம் காலையில ஆறு மணிக்கு எடுத்த அந்தப் பாதி பாட்டில தனியா எடுத்தாங்க. "இது புதுசு. நேரம் எழுதியிருக்கறதால வாங்கிக்கலாம்னு டாக்டர் சொல்றார். நேரம் இல்லாம இருந்தா மூணையும் ஊத்தியிருப்பேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

வெளிய பெஞ்சுல உக்காந்தோம். அவன் ஒரு பக்கம் அண்ணாமலையாரேனு மொணகறான், நான் ஒரு பக்கம் ஓத ஆரம்பிச்சேன். அரை மணி நேரமோ முக்கா மணி நேரமோ, எனக்கு நேரம் எழுதத் தோணல. கதவு தொறந்துச்சு. "மூக்குல டியூப் வழியா ரெண்டு மில்லி குடுத்திருக்கோம். வாந்தி இல்ல. வயிறு உப்பல. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு அடுத்த ரெண்டு மில்லி"னாங்க சிஸ்டர்.

ரெண்டு மில்லி. ஒரு சின்ன ஸ்பூனுக்குப் பாதி கூட வராது. ஏழுமலை செவத்துப் பக்கம் திரும்பி நின்னுகினு குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன், எனக்கு இன்னா வெக்கம்.

அப்ப அவன் போன் அடிச்சுது. சத்யா. அவன் எடுத்தான், காதுல வெச்சான். போன என் கையில திணிச்சிட்டான்.

"நான் காதர் பேசறேம்மா."

மெதுவா, "கொட்டிட்டாங்களா பாய்?"னா.

"இல்லம்மா. குடிச்சிட்டான். ரெண்டு மில்லி. நீ காலையில குடுத்ததுதான். வயித்துல நின்னுடுச்சு, ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கான்."

திடீர்னு அந்தப் பொண்ணு அவசர அவசரமா பேசினா. காலையில முந்தானைய விட்டு கையக் கூட வெளிய எடுக்காத பொண்ணு.

"பாய், போன வெச்சிடறேன். பாலு எறங்குது பாய், பொடவையெல்லாம் நனையுது. நான் பாட்டில் எடுக்கணும்."